கையுறையைப் பிடித்த பேய்

தெளிநீர் மகான் வருகிறார் என்று தெரிந்த நாளில் சலவைத்தூள் ஆலைக்கு ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை. ஆலை தொடங்கியதிலிருந்து நடக்காத அற்புதம் அது. மகானின் கணக்கில் முதல் அற்புதமாக அதையே சேர்த்துக்கொள்ளலாம்.

சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் கூட்டம் நெரிந்தது. ஆலையில் வேலை செய்கிறவர்கள் மட்டுமல்ல. எதிர்த்தெருக் குடும்பங்கள், பஞ்சர் கடைக்காரர், வழக்கில் தோற்ற ஒருவர், வழக்கில் ஜெயித்தும் நிம்மதி இல்லாத ஒருவர், என்ன கூட்டம் என்று விசாரிக்க வந்து வரிசையில் நின்றுவிட்ட இரண்டு பேர். வழக்கமாகச் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்க்கும் காவலாளி, அன்று கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார். பேய்க்குச் சோதனை போடும் அதிகாரம் தனக்கு இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

"பால் பண்ணையில மாடெல்லாம் பேயடிச்ச மாதிரி நின்னுச்சாம். இவர் தண்ணி தெளிச்சதும் ஒரு மாடு இவரைப் பார்த்துத் தலையாட்டுச்சாம்."

"மாடு எப்பவும் தலையாட்டுமே?"

"இது மரியாதையா ஆட்டுச்சாம்."

மரியாதையாக ஆட்டிய மாட்டுக்கு முன்னால் அதற்கு மேல் என்ன பேசுவது?

பேய் வந்த வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். ஆலையின் பொட்டலப் பிரிவில், மேல்மாடியிலிருந்து சலவைத்தூள் ஒரு பெரிய புனல் வழியாகக் கீழே கொட்டும். புனலடியில் ஒருவர் அதை வாங்கி விடுவார். அடுத்தவர் எடை போடுவார், அதற்கடுத்தவர் பொட்டலத்தை ஒட்டுவார், கடைசியில் இருப்பவர் பெட்டியில் அடுக்குவார். பறக்கும் தூசியை உறிஞ்ச, புனலுக்கு மேலே சுவரில் ஒரு விசிறி இருந்தது. அதன் மோட்டார் ஒருநாள் புகைந்தது. கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். மோட்டார் போயிற்று, சுவரில் ஓட்டையும் குழாயும் மிஞ்சின.

அதற்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கியது. இருமல். கண் எரிச்சல். கையில் தோல் உரிந்தது. ஒட்டும் பிரிவில் ஒருவர் மூச்சுத் திணறி மயங்கினார். போதாததற்கு, காற்றடிக்கும் நேரங்களில் சுவருக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல ஒரு சத்தம் கேட்டது. விசிறி நின்றது, தூசி பறந்தது, காலிக் குழாயில் காற்று ஊதியது என்று வரிசையாகச் சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு அதில் சுவாரசியம் இல்லை. பேய் என்றால் ஆளுக்கு ஓர் அனுபவம் இருந்தது.

வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருவரே ஒருவர்தான்: ஆலையின் நர்ஸ்.

ஆலைக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று சட்டம் சொன்னதால் வந்தவர் அவர். படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு எடைக்கருவி. வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவது, தலைவலிக்கு மாத்திரை கொடுப்பது. இவ்வளவுதான் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் நிர்வாக மேலாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிரச்சினை வந்தாலும் அதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை எழுதி ஒட்டிவிடுவார். ஒட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. இதனால் தொழிலாளர் அவருக்கு வைத்த பெயர் சர்க்குலர். அவருடைய சுற்றறிக்கைகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்தன: 'இது இனி நர்ஸின் கூடுதல் பொறுப்பு.'

இப்படியாக உணவகத்துப் பாலை முகர்ந்து பார்ப்பது நர்ஸின் பொறுப்பானது. முதுகுவலி வராத நாற்காலி தேர்ந்தெடுப்பது, காது கேட்கிறதா என்று சோதிப்பது, தீ ஒத்திகைக்கு விசில் ஊதுவது, குடும்பச் சண்டையோடு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது, மேலாளரின் மாமியாருக்குச் சர்க்கரை அளவு பார்ப்பது, எல்லாம் அவரிடமே வந்து சேர்ந்தன. அவரும் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். நன்றாகவும் செய்தார், நாற்காலிகள் மாறியபின் முதுகுவலி லீவு பாதியாகக் குறைந்தது. ஒன்றே ஒன்றுதான் அவர் பொறுப்பில் வரவில்லை.

"சார், அந்த மோட்டார் என்னாச்சு?"

"சிஸ்டர், மோட்டார் இன்ஜினியரிங் பிரிவு. உங்க வேலை உடம்பு."

"மோட்டார் இல்லாமத்தானே சார் உடம்பு கெடுது?"

"அதான் சொல்றேன், உடம்பைப் பாருங்க. மோட்டாரை மோட்டார்காரங்க பார்ப்பாங்க."

ஒருநாள் சர்க்குலரின் மைத்துனர், தெளிநீர் மகானைப் பற்றிச் சொன்னார். மோட்டாருக்கு நிதி இல்லை. மகானுக்கு இருந்தது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் புதுச் சுற்றறிக்கை: 'பணியாளர் உடல்நலப் பரிசோதனையில் இனி ஆவிப் பரிசோதனையும் அடங்கும். ஆலை வளாகத்திலுள்ள அனைவரும் விதிவிலக்கின்றி இதற்கு உட்பட வேண்டும். ஏற்பாடுகள் நர்ஸின் கூடுதல் பொறுப்பு.'

நர்ஸ் அதை இரண்டு தடவை படித்தார். "பேயையும் எங்கிட்டயே விட்டுட்டாங்களா?" என்று பக்கத்தில் நின்ற காவலாளியிடம் கேட்டார். காவலாளி ஆறுதலாக, "பேய்க்கு ஊசி போடத் தேவையில்லைங்க சிஸ்டர்" என்றார்.

மகான் வந்தார். வெள்ளை உடை, வெள்ளைத் தாடி, வெள்ளைக் கார். அவருடைய செம்புக் கூஜாவை யார் தூக்குவது என்ற கேள்வியே எழவில்லை. சர்க்குலர் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார். பல வருடப் பயிற்சி. கூஜாவுக்குள் மகான் தவமிருந்து பெற்ற தெளிநீர். உற்றுப் பார்த்தால் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது. உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

உணவகத்தில் மேசை போட்டு அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைத்தார்கள். முறை எளிமையானது. ஒவ்வொருவருக்கும் கிண்ணத்தில் புதிதாகத் தெளிநீர் ஊற்றப்படும். கையை நனைக்க வேண்டும். தண்ணீர் அப்படியே இருந்தால் பேய் இல்லை. சிவந்தால் இருக்கிறது.

"எல்லாரும் நல்லாக் கையைக் கழுவிட்டு வாங்க" என்றார் மகான். "சுத்தமான கைதான் சத்தியம் பேசும்."

நியாயமான ஏற்பாடு. தொழிலாளர்கள் வெளியே இருந்த குழாயடிக்கு ஓடினார்கள். குழாய்க்குப் பக்கத்தில், கை கழுவ நிர்வாகம் இலவசமாக வைத்திருக்கும் தட்டு இருந்தது. தட்டில், உடைந்த பொட்டலங்களிலிருந்து கொட்டிய சலவைத்தூள். எல்லோரும் ஒரு பிடி அள்ளித் தேய்த்துக் கழுவினார்கள். பயந்தவர்கள் இரண்டு பிடி அள்ளினார்கள்.

பெட்டி அடுக்குகிறவர் கையை நனைத்தார். தண்ணீர் இளஞ்சிவப்பானது. கூட்டம் 'ஆ' என்றது. ஒட்டுகிறவர் நனைத்தார், ரோஜா நிறம். எடை போடுகிறவருக்கு அதைவிட அழுத்தம். எதிர்த்தெருக்காரர்களுக்கும் அந்தக் குழாயடியில் கழுவிய பாவத்துக்குச் சிவந்தது. மாடியில் வாசனைத் திரவம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்த அலுவலகக் கணக்கர்களுக்கு மட்டும் தண்ணீர் அப்படியே நின்றது. பேய்க்குச் சம்பளப் படிநிலை தெரிந்திருந்தது. மாடிப்படி ஏறுவதில்லை போலும்.

பொருளின் தரம் பார்க்கும் ஆய்வுக்கூடக்காரரும் வெள்ளைக் கோட்டோடு வரிசையில் நின்றார். அவருக்கும் சிவந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் பாட்டக்கா வந்தார். புனலடியில் நிற்பவர் அவர்தான். இயந்திர இரைச்சலை மீறிப் பாடிக்கொண்டே வேலை செய்வார் என்பதால் அந்தப் பெயர். விசிறி நின்றபின் பாட்டு குறைந்தது. இப்போது இருமல்தான் வருகிறது; ஆனாலும் பெயர் மாறவில்லை. அவருடைய சம்பளத்தில்தான் வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கணவரின் தங்கை படிக்கும் தட்டச்சு வகுப்பு எல்லாம். அந்த நாத்தனார் அதே ஆலையில் ஒட்டும் பிரிவில் இருந்தாள்.

பாட்டக்கா கையை நனைத்தார். கிண்ணம் முழுக்க, பிழிந்த மாதுளை போலச் சிவந்தது.

மகான் எழுந்தே நின்றுவிட்டார். "மூலம்!" என்றார். "மத்தவங்ககிட்ட இருக்கறதெல்லாம் குட்டி. இவங்ககிட்ட இருக்கறதுதான் தாய். இந்தத் தாய் வாசலைத் தாண்டாத வரைக்கும் யாருக்கும் குணமாகாது."

"ஐயா, வாசலைத் தாண்டறதுன்னா..." என்று சர்க்குலர் பணிவோடு இழுத்தார்.

"வேலையை விட்டு அனுப்பிடணும். திரும்ப உள்ள விடக் கூடாது. வார முடிவுல நானே வந்து அனுப்பி வைக்கிறேன்."

"உனக்கு நல்லதுக்குத்தாம்மா சொல்றாரு" என்றார் சர்க்குலர், பாட்டக்காவிடம். பாட்டக்கா சிவந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேய் பிடித்ததற்காக வேலையிலிருந்து நின்றவர் என்று தெரிந்தால் அதற்குப் பிறகு எந்த ஆலை அவரைச் சேர்க்கும்? அதற்கு மகானிடம் தண்ணீர் இல்லை.

சிவந்தவர்கள் எல்லோரும் கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் குடிக்க வேண்டும் என்பது இரண்டாம் கட்டம். உள்ளே இருக்கும் பேய் வெளியேறிவிடுமாம். டம்ளருக்கு ஒரு காணிக்கை. கையில் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும்.

அன்று மதியச் சாப்பாட்டில் நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

"ஏன்டி, வீட்டுல ஒரே பாயிலதானே படுத்தோம்?" என்றார் பாட்டக்கா.

"வீட்டுல யாரும் பார்க்கலயே அண்ணி" என்றாள் அவள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

பாட்டக்கா தன் டம்ளரைக் குடிக்கவில்லை. தொண்டைப் புண்ணில் எதுவும் இறங்கவில்லை. புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு படிக்கட்டு அறைக்கு வந்தார்.

"சிஸ்டர், இதைக் குடிச்சா வேலை போகாம இருக்குமா?"

"வேலை இருக்கறது போறது தண்ணியில இல்லக்கா. அங்க வைங்க. வாயைத் திறங்க, தொண்டையைப் பார்க்கறேன்."

நர்ஸுக்கு அன்று காலையிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. அடுக்குகிற இடத்தில் லேசு, ஒட்டுகிற இடத்தில் கொஞ்சம், எடையில் அதிகம், புனலடியில் கடுமை, மாடியில் ஒன்றுமில்லை. இந்த வரிசையை அவர் எங்கேயோ பார்த்திருந்தார். யோசித்துப் பார்த்தபோது, அவர் மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த இருமல் வரிசையேதான் அது. தூசி எங்கே எவ்வளவோ, பேயும் அங்கே அவ்வளவு. இவ்வளவு ஒழுங்கான பேயை அவர் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் மகானின் இரண்டாம் அற்புதம் நிகழ்ந்தது. ஆலையில் கழிவறைக்கு வரிசை. டம்ளர் குடித்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் உள்ளே போனால் வெளியே இருப்பவர் கதவைத் தட்டினார். ஆனால் முகங்களில் வேதனையோடு ஒரு திருப்தியும் இருந்தது.

"எனக்குப் பேய் ராத்திரியே கிளம்பிருச்சு" என்றார் எடைக்காரர்.

"எனக்கு இப்பத்தான் கிளம்புது. வழி விடுங்கண்ணே!"

ஆய்வுக்கூடக்காரர் எதுவும் பேசும் நிலையில் இல்லை.

நர்ஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாளி வாளியாகக் கலக்கி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கழிவறை கழுவும் பக்கெட் அக்கா வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சிஸ்டர், பேய் எங்கயும் போகலை. கக்கூஸ்லதான் இருக்கு."

"என்னக்கா சொல்றீங்க?"

"பவுடரைப் போட்டுத் தேய்க்கறேன், அப்படியே செவக்குது. தண்ணி ஊத்தறேன், போகுது. மறுபடியும் பவுடரைப் போடறேன், மறுபடியும் செவக்குது. நான் அதைச் சீண்டறேனோ?"

நர்ஸ் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். அறைக்குள் போய், மூடி வைத்திருந்த பாட்டக்காவின் டம்ளரை எடுத்தார். ஒரு சிட்டிகை சலவைத்தூளை அதில் போட்டார். டம்ளருக்குப் பேய் பிடித்தது. கெட்டிலில் படியும் உப்பைக் கழுவ உணவகத்தில் வைத்திருந்த வினிகரைக் கொண்டுவரச் சொல்லிக் கொஞ்சம் ஊற்றினார். பேய் போய்விட்டது. மறுபடி தூள்; மறுபடி பேய். மறுபடி வினிகர்.

பக்கெட் அக்கா வாயைப் பிளந்து நின்றார். "சிஸ்டர், நீங்களும் மந்திரம் கத்துக்கிட்டீங்களா?"

"இந்தத் தண்ணியில கலந்திருக்கறது பழைய பேதி மாத்திரைக்கா. வயித்தைக் கலக்கும். அந்த மருந்துக்கு ஒரு குணம், சோடா பட்டா செவக்கும். நம்ம பவுடர் பூராவும் சோடாதானே. வெளிய சொல்லாதீங்க, அவர் வரட்டும்."

பக்கெட் அக்கா வெளியே சொல்லவில்லை. அது மூன்றாம் அற்புதம்.

வார முடிவில் மகான் வந்தார். இந்த முறை முதலாளியும் வந்திருந்தார். அவர் ஆலைக்குள் வருவது அபூர்வம், தூசி ஒத்துக்கொள்ளாது. பேயை அனுப்பும் விழாவைப் பொட்டலப் பிரிவிலேயே நடத்தினார்கள். இயந்திரங்களை நிறுத்தி, புனலடியில் மேசை, கிண்ணம், கூஜா. ஓர் ஓரத்தில் பாட்டக்கா பையோடு நின்றார். பைக்குள் சாப்பாட்டு டப்பா, ஒரு துணி, புனலடியில் ஒட்டி வைத்திருந்த பிள்ளைகளின் படம். நாத்தனார் நாலு பேருக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று அழுதால் பேய் ஒட்டிக்கொள்ளாது.

"தாயை அனுப்பறதுக்கு முன்னாடி யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று மகான் பெருந்தன்மையாகக் கேட்டார். யாரும் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கப்படும் கேள்வி அது.

"நான் சொல்லணும்" என்றார் நர்ஸ். "பரிசோதனை இன்னும் முடியலைங்க."

சர்க்குலர் திரும்பினார். "சிஸ்டர், எல்லாரும் முடிச்சாச்சே?"

"'ஆலை வளாகத்திலுள்ள அனைவரும் விதிவிலக்கின்றி.' நீங்க எழுதினது சார். பலகையில இன்னும் ஒட்டியிருக்கு. ஏற்பாடு எம் பொறுப்புன்னும் போட்டிருக்கு. நீங்களும் முதலாளியும் பாக்கி. நாளைக்கு யாராவது கேட்டா எம் பேர்தானே கெடும்?"

"அது வந்து... 'அனைவரும்'னா..." சர்க்குலருக்குத் தன் எழுத்து தன்மேலேயே பாய்வது முதல் அனுபவம்.

முதலாளி சிரித்தார். நல்ல மனிதர், தனக்கு எதுவும் இருக்க வழியில்லை என்பதில் சந்தேகமே இல்லாதவர். "இருக்கட்டுமே. நாம முன்னால நின்னாத்தான் தொழிலாளிக்குத் தைரியம் வரும். எப்படிப் பண்ணணும்?"

"ஐயா சொன்ன முறைதான் முதலாளி. கையை நல்லாக் கழுவணும். சுத்தமான கைதான் சத்தியம் பேசும். குழாய் வெளிய பக்கத்துலதான் இருக்கு."

மகான் அவசரமாக, "முதலாளிக்கு எதுக்கு இதெல்லாம்? முகத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்றார். ஆனால் முதலாளி அதற்குள் குழாயடிக்குப் போய்விட்டார். தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நம்ம பவுடர்!"

ஒரு பிடி அள்ளினார். தன் பொருளைத் தானே பயன்படுத்தும் பெருமையோடு, நாலு பேர் பார்க்க, முழங்கை வரை நுரை பொங்கத் தேய்த்தார். ஒப்புக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தார்.

"முதலாளி, ஒரு நிமிஷம், கையைத் துடைச்சுட்டு..." மகான் எழுந்தார்.

"எதுக்கு? சுத்தமாத்தானே இருக்கு" என்றபடி முதலாளி இரண்டு கையையும் கிண்ணத்தில் விட்டார்.

மாதுளை அல்ல. பீட்ரூட்.

பொட்டலப் பிரிவில் அவ்வளவு அமைதியை இயந்திரங்கள் கேட்டதில்லை. சுவர் ஓட்டையில் காற்று மட்டும் முனகியது. முதலாளி கையை வெளியே எடுத்தார், பார்த்தார், மறுபடி உள்ளே விட்டார். இன்னும் சிவந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாத்தனாரின் குரல். "அப்ப தாய் எங்க அண்ணி இல்லையா? இவரா?"

"ஏய், வாயை மூடு!" என்றார் சர்க்குலர்.

"நான் என்ன சார் சொன்னேன்? கிண்ணம்தானே சொல்லுது. மூலம் வாசலைத் தாண்டணும், திரும்ப உள்ள விடக் கூடாதுன்னு ஐயா சொன்னாரே. காவலாளி அண்ணன்கிட்டச் சொல்லியாச்சா?"

காவலாளி விறைப்பாக நின்றார். உத்தரவு வந்தால் முதலாளியையும் வெளியே அனுப்பத் தயாராக இருப்பவரின் விறைப்பு அது.

முதலாளி மகானைப் பார்த்தார். குரலில் பழைய சிரிப்பு இல்லை. "என்னய்யா இது? எனக்குப் பேயா?"

ஒரு மகானின் வாழ்க்கையில் இப்படி ஒரு நேரம் வரும். பேய் உண்மை என்றால் பணம் தரும் முதலாளி வீட்டுக்குப் போக வேண்டும். முதலாளி இருக்க வேண்டுமென்றால் பேய் போக வேண்டும். தெளிநீர் மகான் அதிக நேரம் தியானிக்கவில்லை.

"ஐயையோ, உங்களுக்குப் பேயெல்லாம் இல்லைங்க! அந்தப் பவுடரைப் போட்டுக் கழுவினா அப்படித்தாங்க செவக்கும். பேய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வெறும் சோடாங்க, சோடா! நல்லாக் கழுவிட்டு வாங்க, வெள்ளையா வரும்."

சொல்லி முடித்ததும்தான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது.

நர்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. "ஐயா சொன்னதைப் பின்னால இருக்கறவங்களும் கேட்டீங்களா? பாட்டக்கா, இங்க வாங்க."

கையோடு கொண்டுவந்திருந்த வினிகரை ஊற்றிப் பாட்டக்காவின் கைகளைக் கழுவினார். தோல் உரிந்த இடங்களில் எரிந்தது. பாட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு வெறும் தண்ணீர். பிறகு கிண்ணத்தில் புதிய தெளிநீர். பாட்டக்கா கையை நனைத்தார். தண்ணீர் அப்படியே இருந்தது. நகத்தளவு சிவப்பில்லை.

அடுத்து நர்ஸ் புனலடியில் ஆணியில் தொங்கிய கிழிந்த கையுறையை இடுக்கியால் எடுத்து உள்ளே விட்டார். சிவந்தது. ஆள் உள்ளே இல்லாத கையுறை. "இதுக்கும் பேய் பிடிச்சிருக்குங்க ஐயா. இதுக்கும் வீடு இருக்கு, வாடகை இருக்குன்னு பார்க்காதீங்க, வேலையை விட்டு அனுப்பிடுங்க."

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. பக்கெட் அக்கா தன் துடைப்பத்தைக் கொண்டுவந்து, "இதையும் ஒரு தடவை பாருங்க சிஸ்டர், ரொம்ப நாளா ஒரு மாதிரி இருக்கு" என்றார். துடைப்பத்துக்கும் சிவந்தது.

"பேதி மருந்துங்க இது" என்றார் நர்ஸ். "கையில சோடா இருந்தா கிண்ணம் செவக்கும். குடிச்சா வயிறு போகும். இல்லைன்னா ஐயாவே ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டட்டும்."

சர்க்குலர் பழக்க தோஷத்தில் கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி மகானிடம் நீட்டிவிட்டார்.

மகான் டம்ளரைப் பார்த்தார். "எனக்கு... தூரப் பயணம் இருக்கு" என்றார்.

ஆய்வுக்கூடக்காரர் முன்னால் வந்தார். அந்த மருந்து அவருடைய அலமாரியில் புட்டி புட்டியாக இருந்தது. தூளில் சோடா சரியாக இருக்கிறதா என்று தினமும் அதைச் சொட்டுவிட்டுத்தான் பார்ப்பார். வெள்ளைக் கோட்டைச் சரி செய்துகொண்டு, "நானும் அப்பவே நினைச்சேன்" என்றார். வயிறு இன்னும் சரியாகாததால் அதிக நேரம் நிற்க முடியாமல் போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். மகானும் கூஜாவை எடுத்துக்கொண்டு காரைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தார். பாட்டக்காதான் கேட்டார். சிரிக்காமல் நின்றவர் அவர் ஒருவர்தான்.

"பேய் இல்லைன்னா சரி. அப்ப எனக்கு ஏன் இருமுது?"

கேட்டதோடு இருமலும் வந்தது. மடங்கி உட்கார்ந்து இருமினார். நாத்தனார் நாலு பேரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து முதுகைத் தடவினாள். காற்று அடித்தது. தலைக்கு மேலே முனகல் கேட்டது. இந்த முறை எல்லோரும் சத்தம் வந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். மாதக்கணக்காக அவர்கள் தலைக்கு மேலேயே இருந்த ஓட்டை. அதில் விசிறி இல்லை.

"அந்த மோட்டார் எங்க சார்?" என்றாள் நாத்தனார்.

"அது இன்ஜினியரிங்..." என்று தொடங்கினார் சர்க்குலர்.

"அது வந்தப்புறம் கூப்பிடுங்க சார். நாங்க வெளிய மரத்தடியில இருக்கோம். அண்ணி, பையைக் குடு, நான் தூக்கறேன்."

பொட்டலப் பிரிவு முழுக்க எழுந்து போனது. யாரும் கோஷம் போடவில்லை. புனல் மட்டும் திறந்த வாயோடு நின்றது. முதலாளி சிவந்த கைகளைத் துடைத்துக்கொண்டே சர்க்குலரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு விசாரித்ததில் ஒரு விவரம் தெரியவந்தது. மோட்டார் அடுத்த தெருப் பட்டறையில் எப்போதோ பழுது நீங்கித் தயாராகக் கிடந்தது. போய் எடுத்து வருவது யாருடைய பொறுப்பு என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அதனால் யாரும் போகவில்லை.

காவலாளி சைக்கிளில் போய் எடுத்து வந்தார்.

விசிறி ஓடியதும் முனகல் நின்றது. தூசி அடங்கியது. இருமல் ஒரே நாளில் போகவில்லை. மந்திரமாக இருந்தால் போயிருக்கும், இது காற்று. மெல்லத்தான் குறைந்தது. நர்ஸ் கேட்ட முகமூடியும் கிழியாத கையுறையும் வந்தன. குழாயடியில் தட்டு போய் சோப்புத் திரவம் வந்தது. பாட்டக்காவின் தொண்டையைக் காட்ட நர்ஸே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். குடித்த டம்ளர்களுக்குச் சம்பளத்தில் பிடித்ததை நிர்வாகம் திருப்பிக் கொடுத்தது. கொஞ்ச நாள் கழித்துப் புனலடியில் ஒரு பாட்டு கேட்டது. பாதிதான் பாட முடிந்தது. மீதியை நாத்தனார் தப்புத் தப்பாகப் பாடினாள்.

"நீ பாடாதடி. பேயே தேவலாம்" என்றார் பாட்டக்கா.

அறிவிப்புப் பலகையில் புதுச் சுற்றறிக்கை: 'தூசி, காற்று, விசிறி, மோட்டார் மற்றும் பேய் ஆகியவை இனி நர்ஸின் கூடுதல் பொறுப்பு.' நர்ஸ் அதைப் படித்தார். வழக்கமாக முனகுகிறவர் இந்த முறை முனகவில்லை. பேனாவை எடுத்து 'பேய்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

தெளிநீர் மகான் இப்போது ஒரு சுண்ணாம்பு ஆலைக்கு அழைக்கப்பட்டிருப்பதாகக் கேள்வி. அங்கேயும் பேய் மூட்டை தூக்குகிறவர்கள் கையில்தான் இருக்கிறதாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைத் தொடவில்லையாம். உங்கள் ஊருக்கும் அவர் வரக்கூடும். கிண்ணத்தை நீட்டுவார். தாராளமாகக் கையை நனைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள்: உங்கள் ஊர்க் குழாயடியில் சலவைத்தூள் போட்டுக் கழுவிவிட்டு முதலில் அவரையே நனைக்கச் சொல்லுங்கள். அவருக்கு உடனே 'தூரப் பயணம்' வந்துவிட்டால், உங்களுக்கு மூளை இருக்கிறது என்று அர்த்தம்.